மேரியம்மாவின் கிழக்குத் துண்டு

ஒரு ஏக்கரில் ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம் மக்காச்சோளச் செடி நிற்கும். பாத்திமா மேரிக்கு மூன்று ஏக்கர். ஆற்று மணலையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து இடுப்புக் கூடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செடியாகக் குனிந்து, குருத்துக்குள் ஒரு சிட்டிகை விட்டுக்கொண்டே போக வேண்டும். படைப்புழு அந்தக் குருத்துக்குள்தான் உட்கார்ந்து தின்னும். மணல் விழுந்தால் அதற்கு நகர முடியாது, செத்துப்போகும். பூச்சிமருந்து அடிக்காதவர்களுக்கு இது ஒரு வழி. ஒரு தடவை போட்டால் போதாது. பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டும்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. மணல் போட்ட அந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போனவள், பதினான்கு தலத்துக்கும் மற்றவர்கள் முழங்காலிட்டு எழுந்தபோது, இடுப்பு வளையாமல் தூணைப் பிடித்தபடி நின்றுகொண்டே ஜெபம் சொன்னாள். பங்குச்சாமியார் பார்த்தார். பார்க்காததுபோல் அடுத்த தலத்துக்கு நகர்ந்துவிட்டார்.

ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, சவேரியார்புரம். டெல்டா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இவர்கள் நிலம் மேட்டு நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் எல்லாருக்கும் கடைசியாக வரும், நின்றால் எல்லாருக்கும் முதலில் நிற்கும். இரண்டு வருடம் அடுத்தடுத்து சம்பா கருகியபோது, போர்வெல் தண்ணீரை வைத்துக்கொண்டு மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். நெல்லுக்கு விடுகிற தண்ணீரில் பாதிகூட அதற்குத் தேவையில்லை.

மருந்தை விட்டதற்குக் காரணம் அவள் புருஷன் லியோ. அவன் நல்ல வேலைக்காரன். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு மருந்து அடிக்க வேண்டுமென்றாலும் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அவன்தான் போவான். இருபது வருடம் அப்படி. ஒருநாள் மதியம் யாருடைய பருத்திக்கொல்லையிலோ விழுந்துவிட்டான். வாயில் நுரை. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தான். பிழைத்து வந்தான், ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவன் சொன்னது ஒன்றுதான்.

"மேரி, அந்த மருந்து டப்பா இனிமே நம்ம கொல்லைக்குள்ள வரக்கூடாது."

"வராதுங்க" என்றாள்.

அவ்வளவுதான் கொள்கை. நாட்டு மாட்டுச் சாணமும் ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவை.

முதல் தடங்கல் விதையிலேயே வந்தது. கடைக்குக் கடை ஏறினாள். எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் செக்கச்செவேலென்று மருந்து பூசிய விதை. பூசாத விதை வேண்டும் என்றால் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அலைந்து திரிந்து, வீரிய ஒட்டாக இல்லாத ஒரு ரகம் கிடைத்தது. அது விளைந்ததும் குறைவு. அந்த முதல் வருடம் படைப்புழுவும் சேர்ந்துகொள்ள, கிழக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் பக்கத்து வயல்காரர் துரைராசு எடுத்ததில் பாதிதான் அவளுக்கு வந்தது. "மேரியம்மா புழுவுக்குல்ல விருந்து வைக்குது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். லியோ அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதை நிறுத்திக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஜாஹித் வந்தான். நாகப்பட்டினத்து மளிகை வியாபாரி மூஸா ராவுத்தரின் மகன். ஷார்ஜாவில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, தாராசுரத்தில் சின்னதாக ஒரு மாவு மில் போட்டிருந்தான். குழந்தைகளுக்கான சத்துமாவு தயாரித்தான். அதற்கு மருந்து படாத மக்காச்சோளம் தேவைப்பட்டது.

"உங்க வார்த்தைய நான் நம்புறேன்மா" என்றான். "என்கிட்ட வாங்குறவங்க நம்ப மாட்டாங்க. இயற்கை வெவசாயம்னு சான்றிதழ் கேப்பாங்க. மூணு வருஷம் தாக்குப்பிடிச்சு அதை வாங்கிட்டீங்கன்னா, எல்லாத்தையும் நானே எடுத்துக்கிறேன்."

தனி ஆளாகச் சான்றிதழ் வாங்குவது கட்டுப்படியாகாது, குழுவாகச் சேர வேண்டும் என்றார்கள். பதினான்கு பேர் சேர்ந்தார்கள். பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மேரியைத் தலைவி ஆக்கினார்கள். யார் வயலில் என்றைக்கு என்ன போட்டார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். ஒருவர் வயலை இன்னொருவர் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஆய்வாளர் வருவார். முதல் வருடம் முடிந்ததும் ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள். இரண்டாவது வருடம் நான்கு பேர். யாரையும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேதநாயகம் ஒருவர்தான் விலகும்போது வீடு தேடி வந்து சொன்னார்: "உடம்புல வலு இல்ல மேரி. மணல் போட ஆளும் வரமாட்டேங்குது. கூப்பிட்டா நூறு நாள் வேலைக்குப் போறேங்குறாங்க." அவளுக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

மிஞ்சியது ஐந்து குடும்பம். அதில் மங்களாம்பிகை என்பவள், மேரியைவிட ஏழெட்டு வயது இளையவள், கைகாரி. மேரியின் வயலைப் பார்த்து எழுதுகிற பொறுப்பு அவளுடையது.

மூன்றாவது வருடப் பயிர் நன்றாக வந்தது. மாசி கடைசியில் ஆண்பூ விரிந்து, கதிரில் இளம்பச்சைப் பட்டுநூல் எட்டிப் பார்த்தது. வரப்போரம் போட்டிருந்த தட்டைப்பயற்றில், பூச்சி தின்கிற பொறிவண்டு மொய்த்தது. வியாழக்கிழமை ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்திருந்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை, வேப்பங்கொட்டை இடித்துக்கொண்டிருந்தவள் காதில் ரீங்காரம் கேட்டது. பெரிய வண்டு பறப்பது மாதிரி. நிமிர்ந்து பார்த்தாள். துரைராசு வயலுக்கு மேலே ட்ரோன் பறந்தது. அவரும் மக்காச்சோளம்தான் போட்டிருந்தார், நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகிற வீரிய ரகம். ட்ரோன் கடைசி வரிசை வரைக்கும் வந்து திரும்பியது. திரும்பும்போது காற்று கிழக்கிலிருந்து ஒரு வீச்சு வீசியது. வெள்ளைப் புகையாக ஒன்று வரப்பைத் தாண்டி, அவள் வேலிக்காக விட்டிருந்த நான்கு வரிசை நாட்டுச் சோளத்தையும் தாண்டி, உள்ளே இறங்கியது.

மருந்து வாசனை வந்ததும், வரப்பில் காவலுக்கு உட்கார்ந்திருந்த லியோ எழுந்தான். கிளி விரட்டுகிற தகரத்தைக் கீழே வைத்தான். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். மதியம் வரை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான்.

மேரி வரப்புக்கு ஓடினாள். துரைராசு அந்தப்பக்கம் நின்றிருந்தார். அவர் முகமும் சரியில்லை.

"காத்து அந்தாண்ட போவுதுன்னு ஆபரேட்டர் சொன்னாரு தங்கச்சி. நான் என்ன பண்ண? முன்னெல்லாம் ஆளை வச்சு அடிச்சா வரிசை பாத்து அடிப்பான். இப்ப ஆள் எங்க கெடைக்குது?"

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், தட்டைப்பயற்று இலைக்கு அடியில் பொறிவண்டுகள் மல்லாந்து கிடந்தன.

மங்களாம்பிகை புதன்கிழமை வந்தாள். கிழக்குத் துண்டு ஒன்றேகால் ஏக்கர், அதை ஒரு சுற்று நடந்தாள். செத்த வண்டுகளையும் பார்த்தாள்.

"அக்கா, நான் ஒண்ணும் பாக்கல."

"மங்களம்..."

"எதுக்குக்கா? ஒரு வீச்சுக் காத்துல வந்தது. இன்னும் நாப்பது நாள் இருக்கு அறுக்க. அதுக்குள்ள வெயில்லயே போயிடும். இதைச் சொன்னா மொத்தக் குழுவையும் தூக்கிடுவாங்க. மூணு வருஷமா ராப்பகலா மாடு மாதிரி உழைச்சோமே, அது எதுக்கு?" அவள் கண் கலங்கிவிட்டது. "நான் எழுதமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

மேரி யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "சரி" என்றாள். அன்று அவள் உண்மையாகவே அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். தமிழ்நிலா என்று பெயர், முப்பது வயது இருக்கும். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு ஐந்து பேர் வயலிலும் வரிசை வரிசையாக நடந்தார். உரக்குழியைக் கிளறிப் பார்த்தார். விதைப் பையின் சீட்டைப் படம் எடுத்தார். மேரியின் வயலில் மேற்குத் துண்டைப் பார்த்துவிட்டுக் கிழக்குக்கும் வந்தார். கதிரின் தோகையைப் பிரித்துப் பார்த்து, "அருமையா வந்திருக்கும்மா, இந்தப் பக்கம் இப்படி நான் பாத்ததே இல்ல" என்றார். மங்களாம்பிகை மூச்சு விட்டது மேரிக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேரி மோர் கொடுத்தாள். தமிழ்நிலா படிவத்தை எடுத்து வரிசையாகக் கேள்வி கேட்டார். தண்ணீர் எங்கிருந்து, எரு யாருடையது, இயந்திரம் வாடகைக்கு எடுத்தால் கழுவுவீர்களா. கடைசிக்கு முந்தைய கேள்வி வந்தது. "பக்கத்து வயல்லேருந்து மருந்து ஏதாவது வந்துச்சா?"

"இல்லைங்க" என்றாள் மங்களாம்பிகை, மேரிக்கு முந்திக்கொண்டு.

தமிழ்நிலா எழுதினார். பிறகு தாளைத் திருப்பி மேரியிடம் கையெழுத்துக்கு நீட்டினார். மேரி பேனாவை வாங்கினாள். மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு வரி இருந்தது, அதற்குக் கீழே கோடு. அவள் எழுதவில்லை.

"திங்கக்கிழமை ட்ரோன் வந்துச்சு மேடம்" என்றாள். "கிழக்க. உள்ள வரைக்கும் வந்துச்சு."

ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். நேர்மை, சத்தியம் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அவள் நினைத்தது வேறு. இந்தப் பொய்யை அடுத்த வருடமும் சொல்ல வேண்டும், ஜாஹித்திடமும் சொல்ல வேண்டும், எவரிடம் என்ன சொன்னோம் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். எழுபத்தைந்தாயிரம் செடிக்கு மணல் போட்ட உடம்பில் அதற்கு மிச்சம் எதுவும் இல்லை.

மங்களாம்பிகை எழுந்து போய்விட்டாள். அவளுக்குக் கொடுத்த மோர் டம்ளர் நிறைய அப்படியே இருந்தது. லியோ அறைக்குள்ளிருந்து வந்து, இரண்டு கையாலும் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

தமிழ்நிலா மறுபடி வயலுக்குப் போய், கிழக்கில் மூன்று இடத்தில் இலை பறித்துப் பைகளில் கட்டினார். கிளம்பும்போது, "சொல்லாம இருந்து நாங்க கண்டுபிடிச்சிருந்தா குழுவே போயிருக்கும்மா. இப்ப என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. கிழக்கு இலையில் மருந்து இருந்தது. அந்த ஒன்றேகால் ஏக்கர் தகுதி இழந்தது, அதற்கு மட்டும் கணக்கு மறுபடி முதல் வருடத்திலிருந்து. மேற்கில் ஒன்றேமுக்கால் ஏக்கரும், மற்ற நால்வரின் வயலும் தேறிவிட்டன. மேரி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பாயை விரித்துப் படுத்து, பகல் பதினோரு மணிக்கு, ஆழ்ந்து தூங்கிவிட்டாள்.

சித்திரையில் அறுவடை. மங்களாம்பிகை ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அறுவடையன்று காலையில் ஆறு மணிக்கே பழைய சட்டையைச் சேலைமேல் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது?" என்றாள்.

"மேற்க" என்றாள் மேரி.

இருவரும் ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் கதிர் ஒடித்துக்கொண்டு போனார்கள். பாதி வரிசையில் மங்களாம்பிகை தானாகவே ஆரம்பித்தாள்: "எம் பொண்ணு பிரகதீஸ்வரி சொல்றா, நான் அப்படி எழுந்து போனது தப்பாம்."

"நானா இருந்தாலும் போயிருப்பேன்" என்றாள் மேரி.

மேற்குக் கதிரை அடித்து முடித்து, மூட்டை கட்டி, வீட்டுக்குள் ஏற்றிய பிறகுதான் கிழக்கைத் தொட்டார்கள். ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. இரண்டும் ஒரே விதை, ஒரே எரு, ஒரே கை. தார்ப்பாயில் காயும்போது மேரியாலேயே வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஜாஹித் தானே சின்ன லாரியை எடுத்துக்கொண்டு வந்தான். ஐந்து பேர் வீட்டுச் சான்றிதழ் மூட்டைகளையும் ஏற்றினான். பேசிய விலையைக் கொடுத்தான். கிழக்கு மூட்டைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இதை எடுக்க ஆசைதான்மா. எடுத்தா என் மில்லுக்கே கேடு."

"தெரியும் தம்பி. நான் கேக்கல."

லாரி நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மேரி கேட்டாள், "இதுக்கு மேல இது வளருமா தம்பி? நெசமாச் சொல்லுங்க. எனக்கு ஆறுதல் வேணாம்."

ஜாஹித் டம்ளரைக் கீழே வைத்தான். "இயற்கை முட்டைக்குன்னு கோழி வளக்குறவர் ஒருத்தர் வந்தாரும்மா. கோழித்தீவனத்துக்கு இந்தச் சோளம் வேணுமாம். அவர் கேக்குற அளவுக்கு நம்ம அஞ்சு பேர் வருஷம் பூரா வெளைவிச்சாலும் ரெண்டு மாசத்துக்குக் காணாது. நெறைய பேர் சேந்தா அவர் வருவாரு. அவர் வந்தாத்தான் நெறைய பேர் சேருவாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இன்னொண்ணு, சாதாச் சோளத்துக்கே இப்ப நல்ல கிராக்கி. பெட்ரோல்ல கலக்குற எத்தனாலுக்கு வாங்குற ஆலைக்காரன் மருந்து அடிச்சியான்னு கேக்கவா போறான்? வெலையில ரெண்டுக்கும் தூரம் கொறைஞ்சிட்டே வருது. என் மாவு ஓடுற வரைக்கும் உங்க அஞ்சு பேருக்கும் நான் இருக்கேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

"அது போதும்" என்றாள் மேரி. போதாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று வருடத்தில் இனி வரப்போவதைப் பற்றி ஒருவர் அவளிடம் அலங்காரம் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

கிழக்கு மூட்டைகளை மறுநாள் நாமக்கல் போகிற லாரியில் துரைராசுவின் மூட்டைகளோடு ஏற்றினார்கள். ஏற்றுகிறவர்கள் எது யாருடையது என்று பார்க்கவில்லை. லியோ திண்ணையில் நின்று பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு அந்தக் கோழிங்களுக்கு யோகம்" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் வேடிக்கையாக ஏதாவது சொல்வதே அபூர்வம். மேரி சிரித்துவிட்டாள். சிரித்ததில் இடுப்பு வலித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது துரைராசு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"நான் உன்னை மாதிரி மாறமாட்டேன் தங்கச்சி. அது எனக்கு ஆகாது. இப்பவே சொல்லிடுறேன்."

"நான் மாறச் சொல்லலண்ணே. சொல்லிட்டு அடிங்க, அவ்வளவுதான்."

"சொல்றேன். ஒன் வரப்போரம் எட்டு வரிசைக்கு ட்ரோன் வராது. அதைக் கையால அடிச்சிக்கிறேன். எம் பக்கத்துல அகத்தி நடுறேன், ரெண்டு வருஷத்துல மறைப்பா நிக்கும்." கொஞ்சம் தயங்கினார். "லியோ எப்படி இருக்கான்?"

"உள்ளதான் இருக்காரு. போய்ப் பாருங்க."

அவர் உள்ளே போனார். ஒரு காலத்தில் அவருடைய வயலுக்கும் லியோதான் மருந்து அடித்தவன். இருவரும் என்ன பேசினார்கள் என்று மேரி கேட்டுக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் கழித்து லியோ இருமுகிற சத்தமும் இருவரும் ஏதோ கிரிக்கெட் பேசுகிற சத்தமும் வந்தன.

திருச்சியில் வேலை பார்க்கும் மகள் ஃபிளோரா போனில் சொன்னாள்: "விட்டுடும்மா. நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

"குத்தகைக்கு விட்டா எடுக்கிறவன் முதல் வேலையா டப்பா வாங்கிட்டு வருவான். உங்கப்பா எங்க போய் உக்காருவாரு?"

"அப்ப என்னதான் பண்ணப்போற?"

"தெரியல பாப்பா. கெழக்க தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதைச்சு மடக்கி உழலாம்னு இருக்கேன். இந்த வருஷம் அங்க உளுந்தும் எள்ளும் போதும். மேற்க மட்டும் சோளம்." சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே அது முடிவாகிவிட்டது தெரிந்தது.

ஆனி மாதம், புதுச் சோளம் குருத்து விட்டதும், குழுக் கூட்டம் வைத்தாள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற அறை. ஐந்து குடும்பத்துக்கும் சேர்த்து ஏழு பேர் வந்தார்கள். கீழத்தெருவிலிருந்து புதிதாக ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மணல் போடுகிற பேச்சு வந்ததும் நழுவிவிட்டார். யாரும் தடுக்கவில்லை.

மங்களாம்பிகை ஒரு யோசனை சொன்னாள். ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டாது. ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு ஒருவர் வயல் என்று முறைவைத்து மணல் போட்டால் என்ன? தனியாகப் போட்டால்தான் இடுப்பு போகிறது, பேசிக்கொண்டே போட்டால் பொழுது தெரியாது.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் முறை தலைவி வயலுக்குத்தான் என்று ஒருவர் சொன்னார்.

"ஐயோ, வேணாம்" என்றாள் மேரி. "மங்களத்து வயல்ல ஆரம்பிங்க. எனக்கு ரெண்டு நாள் லீவு குடுங்க. மூணாம் நாள் வர்றேன்."

யாரோ டீ வாங்கப் போனார்கள். மேரி செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.